தேவாங்குக் குட்டி

1912ஆம் ஆண்டு மழைக்காலத்தில், இலங்கை மலைநாட்டில் பெரகல சந்திக்கு மேலேயிருந்த பழைய பங்களாவுக்கு ஒரு துரை வந்து தங்கினார். தேயிலை பார்க்க வந்தவரல்ல. காட்டு விலங்குகளை ஆராய வந்தவர். காட்டில் வழிகாட்ட இராயப்பனும், சமையலுக்கு அவன் மனைவி செபஸ்தியம்மாவும் தேயிலைத் தோட்டக் கூலிகளின் லயத்திலிருந்து பங்களாவின் பின்னறைக்குக் குடிவந்தார்கள்.

உள்ளே எப்போதும் சாராய வாடை. முன்னறையில் கண்ணாடிச் சாடிகள். பாம்பும் அணிலும் வௌவாலும் கண் திறந்தபடி சாராயத்தில் மிதந்தன.

ஒருநாள் இராயப்பன் ஒரு தேவாங்கைப் பிடித்து வந்தான். அதன் வயிற்றோடு ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் அன்றே சாடிக்குள் போனது. குட்டி என்ன தின்கிறது, எப்படித் தூங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் துரை.

பிள்ளையில்லாத செபஸ்தியம்மா துணியைப் பாலில் நனைத்து அதற்கு ஊட்டினாள். பகலெல்லாம் அது அவள் மடியில் சுருண்டு, சேலையைப் பற்றியபடியே தூங்கும்.

ஊர் திரும்பும் வாரத்தில் துரை சொன்னார்: குட்டியும் சாடிக்குள் போக வேண்டும்.

“காட்டுல விட்டுட்டு, ஓடிப்போச்சுன்னு சொல்லிருவோமா?” என்று இராயப்பன் மெதுவாகக் கேட்டான்.

“தொரை கோவிச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். மறுபடி மழையில கொழுந்து எடுக்க என்னால முடியாதுங்க. பேசாம இருங்க.”

அவளே கொண்டுபோனாள். சாடியின் வாயருகே குட்டி அவள் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

துரை மூடியைத் திருகினார்.

சாடிகள் கப்பலேறின. துரையின் சிபாரிசில் இருவருக்கும் அந்தப் பங்களாவிலேயே காவல் வேலை கிடைத்தது.

முதலில் வாடை வந்தது. எத்தனை முறை துவைத்தும் அவள் சேலையில் சாராயம் மணத்தது.

பிறகு, பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நின்ற ஒரு மதியம், அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

மடியில் ஏதோ ஏறியது.

குளிர்ந்திருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேலை மட்டும் நான்கு இடங்களில் கொத்தாகச் சுருங்கியது.

“என்னங்க, இங்க வாங்க.”

இராயப்பன் வந்து தொட்டுப் பார்த்தான். கையை வெடுக்கென இழுத்துக்கொண்டான்.

“ஈரமா இருக்கு,” என்றான்.

“விட்டுருவோம்னு நீங்க சொன்னீங்க. நாந்தான் கேக்கல. அது என்னையத்தான் தேடி வரும்.”

அந்த வாரமே, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் பதுளைக் கோயிலுக்குப் போனாள். வண்டியில் வழிநெடுக எதுவும் அவளைத் தொடவில்லை. மனம் சற்று லேசானது. வேறு ஆளில்லாத கோயிலில், சாமியாரை மறைத்த மரத்தட்டியின் முன் முழந்தாளிட்டு, துரை வந்ததிலிருந்து மூடி திருகியதுவரை எல்லாவற்றையும் அழுதபடி சொல்லி முடித்தாள்.

தட்டிக்கு அப்பாலிருந்து சாமியார் சொன்னார்:

“மொதல்ல கையில இருக்கிற பிள்ளைய அமர்த்திட்டு வா, தாயி. அது அழுவுற சத்தத்துல நீ சொன்னது ஒண்ணுமே கேக்கல.”

செபஸ்தியம்மாவின் காதில் எந்த அழுகையும் விழவில்லை. அவள் இரண்டு கைகளும் காலியாகத்தான் இருந்தன.