பாரீஸ் மாத்திரை

டெலிபோன் அலறியது.

காலை ஏழு மணி. இன்ஸ்பெக்டர் சக்கரபாணி காபி டம்ளரை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"சார்... சாரத்திலேருந்து பேசுறேன். பக்கத்து வீட்டுக்காரரு கண்ணாடி முன்னால செத்துக் கெடக்குறாரு. மூஞ்சி... மனுஷ மூஞ்சியாவே இல்ல சார்."

கால் மணி நேரத்தில் ஜீப் சாரம் பகுதியில் அந்த வீட்டு வாசலில் நின்றது.

கலியமூர்த்தி. வயது நாற்பத்தொன்று. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. நாற்காலியில் சரிந்து கிடந்தார். கையில் சீப்பு.

தலையில் கருகருவென்று முடி. அது தலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நெற்றியில் இறங்கி, புருவத்தோடு கலந்து, கன்னத்தில்... காது மடலில்... விரல் கணுக்களில்...

கால்கள் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன.

மனைவி அஞ்சலாட்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம் வரிசையில் நின்றது.

"எட்டு மாசமா மாத்திரை சார். காந்தி வீதியில ராஜாங்கம் டாக்டர் குடுத்தது. பாரீஸ் மாத்திரையாம்."

"எதுக்கு?"

"வழுக்கைக்கு. மூணாம் மாசமே கால் வீங்கிச்சு. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்துக்கினே தூங்குவாரு. நிறுத்துங்கன்னு கால்ல விழாத குறையா சொன்னேன்."

"கேக்கலையா?"

"நிறுத்துனா கொட்டிடுமாம். மூச்சு போனாலும் பரவாயில்ல, முடி போவக்கூடாதுன்னாரு. ரெண்டுல ஒண்ணு நடந்துடுச்சு."

மேஜை மீதிருந்த நீல பாட்டிலை சக்கரபாணி எடுத்துக்கொண்டார். லேபிளில் ஈஃபில் கோபுரம். கொஞ்சம் கோணலாக.

அரசு மருத்துவர் செல்வாம்பாள் பிரேதப் பரிசோதனையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது மணி இரண்டு.

"இதயம் வீங்கியிருக்கு இன்ஸ்பெக்டர். அதைச் சுத்தித் தண்ணி கோத்திருக்கு."

"மாத்திரை?"

"பாரீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரத்தக் கொதிப்பு மாத்திரை. வேற எந்த மருந்துக்கும் கேக்காத கேஸுக்கு, ஆஸ்பத்திரியில வச்சுக் குடுக்குறது. கண்ட எடத்துல முடி முளைக்கிறது அதோட பக்கவிளைவு."

"பக்கவிளைவையே மருந்துன்னு வித்திருக்கான்?"

"ஆமா. நோயே இல்லாத ஆளுங்களுக்கு. இன்னும் எத்தனை பேர் முழுங்கிக்கினு இருக்காங்களோ... எல்லாரையும் உடனே என்கிட்ட அனுப்புங்க. இன்னொரு பொணம் எனக்கு வேணாம்."

ராஜாங்கத்தின் அறையில் ஊதுபத்தி மணந்தது. வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். ஆறு வருஷத்துக்கு முன்பு வரை ஒரு மருந்துக் கடையில் பொட்டலம் மடித்தவன்.

"போன்ழூர் முசியே. வணக்கம், உக்காருங்க. உங்களுக்கும் முன்னால லேசா ஏறியிருக்கு..."

"என் நெத்தியை நான் பார்த்துக்கறேன். கலியமூர்த்தி செத்துட்டாரு."

ஸ்டெதாஸ்கோப் ஒரு முறை ஆடி நின்றது.

"மாரடைப்பா இருக்கும் சார்."

"இந்த மாத்திரையை ரொம்ப வருஷம் சாப்பிட்டா என்ன ஆவும்?"

"ரொம்ப வருஷம் யாரும் சாப்பிட்டதில்ல சார். சரக்கே புதுசு."

"அப்ப ஒண்ணும் ஆவாதுன்னு ஜனங்ககிட்ட எப்படிச் சொன்னே?"

"ஆச்சுன்னு யாரும் திரும்பி வந்து சொல்லல."

"நீ சாப்பிடுறியா?"

"எனக்கெதுக்கு சார்? எனக்குத்தான் முடி இருக்கே."

சக்கரபாணி ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

பிறகு அந்த நீல பாட்டிலைத் திறந்தார். ஒரு கைப்பிடி மாத்திரைகளை மேஜையில் கொட்டினார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"முழுங்கு."

"சார்..."

"பாரீஸ் மருந்து. ஒண்ணும் ஆவாது. முழுங்கு."

ராஜாங்கம் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"வேணாம் சார். சொல்லிடுறேன். முப்பத்திரண்டு பேருக்குக் குடுக்குறேன். பேரு, விலாசமெல்லாம் டிராயர்ல இருக்கு."

"சரக்கு எங்கேருந்து வருது?"

"சேதராப்பட்டு மருந்து கம்பெனி ஸ்டோர்லேருந்து."

"திருடி எடுத்துக் குடுத்தவன் யாரு? அவன் பேரைச் சொல்லு. அவனையும் சேர்த்து உள்ள தள்ளணும்."

"தள்ள முடியாது சார்."

"ஏன்? பெரிய மனுஷனா?"

"கலியமூர்த்திதான் சார்."

சக்கரபாணி நீல பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"அவருதான் அங்க ஸ்டோர் கீப்பர். ஒவ்வொரு டப்பாவுலயும் எச்சரிக்கைச் சீட்டு ஒண்ணு இருக்கும். இதயம் வீங்கும், தண்ணி கோக்கும்னு. அதை உருவிக் கிழிச்சுப் போட்டுட்டு மாத்திரையை மட்டும் குடுப்பாரு. இந்த யோசனையே அவருதுதான் சார். நான் வெறும் வெள்ளைக் கோட்டு."

"தெரிஞ்சே அவரு எதுக்குச் சாப்பிட்டாரு?"

"மொதல்ல தொடவே இல்ல. மத்தவன் தலையில முளைக்கிறதப் பார்க்கப் பார்க்க... அவராலயே தாங்க முடியல."

மாலையில் சக்கரபாணி இதை அஞ்சலாட்சியிடம் சொன்னார்.

"நிறுத்துங்கன்னப்ப என்ன சொன்னாரு தெரியுமா சார்? 'மருந்தைப் பத்தி உனக்கு என்னாடி தெரியும்'னாரு."

அப்போதுதான் அவள் அழுதாள். யாருக்காக என்று சக்கரபாணி கேட்கவில்லை.

முப்பத்திரண்டு வீடுகளுக்கும் போலீஸ் போய்ச் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேரை டாக்டர் செல்வாம்பாள் வெளியே விடவில்லை.

நான்காம் நாள் காலை மீதிப் பேர் ஸ்டேஷன் வாசலில் கூட்டமாக நின்றார்கள். சக்கரபாணி புகார்ப் புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"வாங்க. ராஜாங்கம் மேல ஒவ்வொருத்தரா எழுதிக் குடுங்க."

முன்னால் நின்ற சின்னக்கண்ணு வாத்தியார் தொண்டையைச் செருமினார். புருவம் வரை முடி இறங்கியிருந்த மனிதர்.

"புகார் இல்லீங்க. ராஜாங்கம் டாக்டரை எப்ப விடுவீங்க? மூணு நாளா மாத்திரை இல்லாம, கொட்டிடுமோன்னு பயமா இருக்கு..."

சக்கரபாணி புத்தகத்தை மூடினார்.

"கொட்டட்டும் வாத்தியாரே. முடி போனாலும் தலை மிஞ்சும். உள்ள ஒண்ணும் இல்லாட்டியும், தொப்பி மாட்டவாவது ஆவும்."