சுவடு வைக்காத ஒளி

ஒளியறைக்கு இரண்டு கதவுகள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பால்பூத்தை ஒட்டியிருந்த கதவு வழியாகப் பெண்கள் உள்ளே போவார்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து மீன்சந்தைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு கூட்டத்தோடு கலந்துவிடுவார்கள். உள்ளே மனிதர் யாரும் கிடையாது. பெயர் கேட்பதில்லை. சாய்மேசையில் படுத்தால், என்ன செய்ய வேண்டுமென்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லும். மரத்துப்போக மருந்து தெளித்துவிட்டு, விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழல் தானே உள்ளே நுழைந்து யோனிச் சுவரை வட்டம் வட்டமாகப் பார்த்துக்கொண்டு வரும். பின்னால் புற்றாக மாறக்கூடிய செல்கள் எங்காவது தென்பட்டால், குழலின் நுனியிலிருந்து லேசர் கிளம்பி அந்த இடத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஆவியாக்கிவிடும். அந்த நுனிக்கு ஒளிக்கத்தி என்று பெயர்.

“சிறு கறை இருந்தது. நீக்கியாயிற்று. போய் வாருங்கள்” என்று குரல் விடைகொடுக்கும்.

யாருக்கும் தெரியாமல் இந்த வைத்தியம் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் டாக்டர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் இருபது வருடம் பெண்களின் புற்றுநோயைப் பார்த்தவள். அவளிடம் வந்தவர்கள் எல்லோருமே காலம் தப்பித்தான் வந்தார்கள். ஆண் டாக்டர் இருந்தாரென்று ஒருத்தி திரும்பிப் போயிருப்பாள். நர்ஸ் தங்கள் தெருக்காரி என்று இன்னொருத்தி ஒரு வருடம் தள்ளிப்போட்டிருப்பாள். அந்த உறுப்பின் பெயரைச் சொல்ல வாய் வராமல், “கீழ வலிக்கி” என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமலே செத்துப்போனவர்களும் உண்டு.

கருவியை வடிவமைத்த பொறியாளர் தமீம் அன்சாரி அப்போதே ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தா எப்படி டாக்டர் கண்டுபிடிக்கிறது? லேசர் எல்லாத்தையும் ஆவியாக்கிடுது. சோதனைக்கு அனுப்ப ஒரு துளி சதை மிஞ்சாது. சுட்ட இடம் தழும்பாயிட்டா, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு குழலுக்குத் தெரியாது. பிரசவத் தழும்பா, நாம சுட்ட தழும்பான்னும் சொல்லாது. கைரேகையாவது பதிஞ்சு வச்சுக்குவோமே?”

“ரேகையைக் கேட்டா ஒருத்தியும் வர மாட்டா” என்றாள் ஜெசிந்தா.

அவள் சொன்னதுதான் நின்றது. பெண்களும் வந்தார்கள். உப்பளத்திலிருந்து, வங்கியிலிருந்து, கல்லூரியிலிருந்து, கன்னியர் மடத்திலிருந்துகூட வந்தார்கள். எட்டு வருடத்தில் மாவட்டத்தில் அந்தப் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஜெசிந்தாவின் வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

ஒன்பதாம் வருடம், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், அவளுடைய அண்ணன் மனைவி சந்தனமேரி இடது கால் வீங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட ஜெசிந்தா அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். தினமும் காலையில் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது சந்தனமேரிதான்.

தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. தொடை இடுக்கில் கல் மாதிரி நெறி கட்டியிருந்தது. உள்ளே யோனிச் சுவர் முழுக்க வெளுத்த தழும்புகள். மேலே பார்க்க வழவழப்பாக, ஆறிய புண் போல இருந்தது. அடியில் புற்று எலும்பு வரைக்கும் போயிருந்தது.

“எத்தன தடவ போனிய மைனி?”

சந்தனமேரி சுவரைப் பார்த்தாள். “பதினேழு.”

“பதினேழா?”

“மொதல்ல வருசத்துக்கு ஒண்ணு. பொறவு ரத்தம் படும்போதெல்லாம். போனா ஒரு மாசம் நிக்கும். ஒவ்வொரு தடவயும் சரியாயிட்டுன்னுதான பிள்ள அது சொல்லிச்சி.”

அறைக்கு ஒவ்வொரு முறையும் அவள் புதியவள். பதினேழு தடவையும் அது மேற்பரப்பைத்தான் பார்த்தது, கண்ணுக்குப் பட்டதைத்தான் சுட்டது. பொய் எதுவும் சொல்லவில்லை.

“ஒரே வீட்டுலதான இருக்கோம்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?” ஜெசிந்தா அழுதுவிட்டாள்.

சந்தனமேரிக்கு அவள் அழுவது தாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். “யார்ட்டயும் சொல்லாண்டாம்னுதான பிள்ள நீ அத கட்டுன? ஒனக்குத் தெரியாமயே ஒங்கிட்ட வைத்தியம் பாத்த மாதிரி இருந்திச்சி எனக்கு. பெருமயாக்கூட இருந்திச்சி.”

கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். பூசணிக்காய்ச் சாம்பார் வாசம் குமட்டுகிறது என்று சந்தனமேரி கொஞ்ச நாள் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. ஆவணி மாதம் ஒரு மதியம், ஜெசிந்தா அவள் தலையைக் கோதிக்கொண்டிருக்கையிலேயே மூச்சு நின்றது. எந்த இடத்தில் வந்த புற்றென்று அண்ணனிடம் சொல்லக் கூடாதென்று சந்தனமேரி முன்பே சத்தியம் வாங்கியிருந்தாள். “வயித்துல கட்டி” என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். ஜெசிந்தாவும் அதைத்தான் சொன்னாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் தமீமிடம் போனாள். “ரேகையை வச்சிருவோம்” என்றாள்.

வைத்தார்கள். பத்தே நாளில் வரிசை காணாமல் போயிற்று. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்த அறைக்கு ஒருத்தி வந்தால் அதிசயம். ரேகையை எடுத்துவிட்டு, குரல் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கும்படி மாற்றினார்கள்: “இதற்கு முன் வந்திருக்கிறீர்களா?” ஆம் என்று சொன்னால் போதும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சதை எடுத்துப் பார்த்துக்கொள்ளும்படி பதமாகச் சொல்லும். பதில் எங்கேயும் பதிவாகாது. எத்தனை ஆம், எத்தனை இல்லை என்ற எண்ணிக்கை மட்டும் வரும்.

பெண்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். மூன்று மாதக் கணக்கைத் தமீம் எடுத்து வந்தார். வந்தவர்கள் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆம் என்றவர்கள் ஒருவருமில்லை.

“கேள்விய வேற மாதிரி கேட்டுப் பாப்பமா?” என்றார் தமீம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜெசிந்தாவே பால்பூத் பக்கம் போனாள். கேள்வி காதில் எப்படி விழுகிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரிசையில் ஒருத்திதான் இருந்தாள். கையில் மீன்கூடை வைத்திருந்த நடுவயதுக்காரி. ஜெசிந்தாவை முந்திக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள்.

கதவு மூடிக்கொண்டது. விளக்கு இளமஞ்சளாக எரிந்தது.

“இதற்கு முன் வந்திருக்கிறீர்களா?”

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் ஜெசிந்தா வந்திருந்தாள். சக டாக்டர்களிடம் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல்தான் வந்தாள். ஒரு கறை இருந்தது, நீங்கியது. வீட்டிலும் சொல்லவில்லை, வார்டிலும் சொல்லவில்லை.

“இல்லை” என்றது அவள் வாய்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. குரல் நன்றி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளச் சொன்னது. அவள் படுக்கவில்லை. சந்தைப் பக்கத்துக் கதவை விட்டுவிட்டு, வந்த கதவையே தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

மீன்கூடைக்காரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, நான் டாக்டர் ஜெசிந்தா” என்றாள் அவள். “நான் ஏற்கெனவே ஒரு தடவ இங்க வந்தவ. நீங்களும் வந்திருந்தா…”

அந்தப் பெண் அவசரமாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கழுத்தில் வியர்வை அரும்பியிருந்தது. மிகுந்த பரிவோடு, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“பயப்படாம போங்க டாக்டரம்மா. நான் ஒங்களப் பாக்கவே இல்ல.”