ஏழு லீவர், ஒரு பிணம்!

“யோவ் ஈனாக்! கதவைத் திறய்யா!”

பட்டறைக் கதவு அதிர்ந்தது.

ஈனாக் ஹார்ட்டில் அரத்தைக் கீழே வைத்தான். புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பூட்டுக்கார ஊரான வில்லன்ஹாலில் எவனும் எவனையும் இப்படிக் கூப்பிட மாட்டான். அந்த நேரத்தில் ஊரே பூட்டு அராவிக்கொண்டிருக்கும். குனிந்து குனிந்து அராவியதில் பாதிப் பேருக்கு வலது தோளில் கூன். ஈனாக்குக்கும்தான்.

வாசலில் கான்ஸ்டபிள் ஏமஸ் ப்ளவர். மூச்சு இரைத்தது.

“என்னய்யா, எங்கேயாவது தீப்பிடிச்சுக்கிச்சா?”

“ட்ரெண்ட் முதலாளியைக் காணோம்! நேத்து சாயங்காலம் ஆபீசுக்குப் போனவர் வீடு திரும்பலையாம். பெட்டக அறை பூட்டியிருக்கு. உன் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!”

எடுக்க என்ன இருக்கிறது? சாவி ஈனாக்கின் கழுத்திலேயே தொங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டான்.

ஜேபஸ் ட்ரெண்ட் இரும்பு உலை முதலாளி. ஈனாக்கின் கூட்டாளி. ஏழு லீவர் பூட்டைக் கண்டுபிடித்தது ஈனாக். அதற்கு ராஜாவின் முத்திரையோடு பேட்டண்ட் வாங்க ஆள் வைத்து ஓடியது ட்ரெண்ட். பதினான்கு வருஷத்துக்கு இங்கிலாந்தில் வேறு எவனும் அந்தப் பூட்டைச் செய்யக் கூடாது! ஆளுக்குப் பாதி உரிமை. செய்த முதல் பூட்டு ட்ரெண்டின் பெட்டக அறைக் கதவில். அதற்கு ஆளுக்கொரு சாவி.

ஈனாக் சாவியை நுழைத்துத் திருப்பினான். உள்ளே ஏழு லீவர் தகடுகளும் ஒன்றாய் எழும்பின. அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவனுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

கதவு திறந்தது.

“ஐயோ!”

ட்ரெண்ட் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி.

ஏமஸ் மண்டியிட்டுப் பிணத்தின் பாக்கெட்டைத் துழாவினான். ட்ரெண்டின் சாவி பத்திரமாக உள்ளேயே இருந்தது!

“ஈனாக்... இந்தக் கதவு, சாத்தினா தானா பூட்டிக்குமா?”

“சேச்சே! அதெல்லாம் மட்டமான பூட்டு. இது வெளியிலேர்ந்து சாவி போட்டுத் திருப்பினாத்தான் பூட்டும்.”

“கம்பி கிம்பி விட்டுத் திருப்ப முடியாதா?”

ஈனாக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. பிணத்தைப் பார்த்த நடுக்கத்திலும் வந்தது, பாருங்கள்!

“யாரைப் பார்த்து என்னய்யா கேக்கறே? ரெண்டு வருஷமா வுல்வர்ஹாம்ப்டன் கடைத்தெருவுல இதே மாதிரி பூட்டைத் தொங்கவிட்டு, திறக்கறவனுக்கு இருநூறு தங்கக் கினின்னு போர்டு வெச்சோம். அறுபத்து மூணு பேர் வந்தான். அத்தனை பேரும் மூக்குடைபட்டுப் போனான்! இதுக்குன்னு செஞ்ச சாவி இல்லாம இதை உலகத்துல எவனாலயும் திறக்க முடியாது!”

“சாவி மொத்தம் எத்தனை?”

“ரெண்டே ரெண்டு! ஒண்ணு அவர் பாக்கெட்டுல. இன்னொண்ணு என் கழுத்து...”

ஈனாக் நிறுத்தினான்.

ஏமஸ் இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்தான்.

“சொல்லு ஈனாக்... ஏன் நிறுத்திட்டே?”

*

மறுநாள் ‘வெள்ளைக் குதிரை’ சத்திரத்தின் மாடியில் விசாரணை. மாஜிஸ்ட்ரேட் வேறு யாருமில்லை, ஊர்ப் பாதிரியார் ஆம்ப்ரோஸ் ஸ்வேல்தான். வெள்ளை முடி, மெல்லிய குரல். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அவரைப் பார்த்ததும் ஈனாக்குக்குப் பாதி உயிர் வந்தது.

“போன வாரம் ட்ரெண்டோட சண்டை போட்டியா, ஈனாக்?”

“போட்டேன் சாமி. பேட்டண்டை மொத்தமா பிர்மிங்ஹாம்காரனுக்குத் தள்ளிவிடலாம்னார். எனக்குக் கோபம் வந்துடுச்சு.”

“என்ன சொன்னே?”

 கூட்டத்திலிருந்து பக்கத்துப் பட்டறை டாபி க்ளெம்சன் எழுந்து நின்றான். அவனுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

“உன் மண்டையைப் பொளந்துடுவேன்னான், சாமி! என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!”

“டேய் டாபி! தினம் நீகூடத்தான் உன் மாமியாரை அப்படிச் சொல்றே!”

“சொல்றேன்... ஆனா என் மாமியார் இன்னும் நல்லா இருக்கா இல்ல?”

கூட்டம் சிரித்தது. ஈனாக்கின் மனைவி டார்கஸ் சிரிக்கவில்லை. ஓரமாய் நின்று சால்வை நுனியைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“சாமி! யாரோ என் பூட்டைக் கம்பியால திறந்திருக்கான்!” ஈனாக் கத்தினான். “முடியும்னு நானே திறந்து காட்டறேன்!”

“உன்னாலயே அது முடியாதுன்னு நேத்து வரைக்கும் நீதானே சொன்னே?”

“நேத்து வரைக்கும் என் கழுத்து நல்லா இருந்தது சாமி!”

ஸ்வேல் சம்மதித்தார். கதவிலிருந்து பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். சாவியை ஏமஸ் வாங்கிக்கொண்டான். மூன்று மணி நேரம் கெடு.

ஈனாக் கம்பியை விட்டான். முதல் லீவர் எழும்பியது. இரண்டாவது... மூன்றாவது... நான்காவதைத் தொட்டதும் முதல் மூன்றும் பொத்தென்று விழுந்தன! அப்படித்தான் அவன் செய்திருந்தான். அதற்குத்தான் பேட்டண்டே!

மறுபடி முயன்றான். மறுபடி விழுந்தன.

வியர்வை கண்ணில் இறங்கியது. கூட்டம் முன்னால் சாய்ந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் தன் பூட்டை மனதாரத் திட்டினான். திறந்து தொலையேன், சனியனே! உன்னைப் பெத்தவன்டா நான்!

மூன்று மணி நேரமும் தீர்ந்தது. பூட்டு அசையவில்லை.

“அட, நிஜமாவே நல்ல பூட்டுதான்ய்யா!” என்றான் டாபி, மரியாதையாக.

அறுபத்து நான்காவது ஆள் தோற்றுப்போனான்!

ஸ்வேல் பேனாவை எடுத்தார். “வேற வழியில்லை ஈனாக். உன்னை ஸ்டாஃபோர்ட் கோர்ட்டுக்கு அனுப்பறேன்.”

ஸ்டாஃபோர்ட் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கொலைக் கேஸில் தீர்ப்பு சொன்ன மூன்றாம் நாள் கயிறு.

“என்னங்க...” டார்கஸின் குரல் உடைந்தது. “யோசிங்க... வேற சாவி எங்கேயாவது செஞ்சீங்களா? யாருக்காவது காட்டினீங்களா?”

காட்டினேனா?

ஈனாக்கின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

“சாமி! பேனாவை வைங்க! இருக்கு... இன்னொரு வழி இருக்கு!”

“என்னது?”

“பேட்டண்ட் வாங்கினா, நாம கண்டுபிடிச்சதை எழுதி, படம் போட்டு, லண்டன் பதிவு ஆபீசுல கொடுக்கணும் இல்லையா? மறைக்காம கொடுக்கணும். மறைச்சா பேட்டண்ட் செல்லாது.”

“ஆமா. கட்டணம் கட்டினா யார் வேணும்னாலும் அதைப் பார்க்கலாம்.”

“எனக்குப் படம் போட வராது சாமி...” ஈனாக் மேஜைமேல் விரலால் கோடு இழுத்துக் காட்டினான். “அதனால... நிஜ சாவியையே தாள்மேல வெச்சு, பென்சிலால சுத்திக் கோடு இழுத்துட்டேன்!”



“எந்தச் சாவியை?”

“அப்ப இருந்ததே ஒரே பூட்டுதான் சாமி. இந்தப் பூட்டோட சாவியைத்தான்! பல்லுக்குப் பல்லு, அளவுக்கு அளவு!”

“அட மடையா!” டாபி தலையில் அடித்துக்கொண்டான். “திருடன் வந்து அளவெடுத்துட்டுப் போக ராஜா ஆபீசுலயே சாவியை மாட்டிவெச்சியா?”

ஊரே சிரித்தது. ஈனாக்கும் சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் வேறு எவனும் இருக்க மாட்டான்!

“அதைப் பார்க்கறவன் பேரை அங்க ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க சாமி! அந்தப் பேரைக் கொண்டாந்தா போதும். அவன்தான் கொலைகாரன்!”

ஸ்வேல் வெகுநேரம் அவனையே பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒரு உயிர் விஷயம். அவசரப்படக் கூடாது. அடுத்த புதன்கிழமை வரை நேரம் தரேன். லண்டனுக்கு யார் போறீங்க?”

“நான் போறேன்!” என்றாள் டார்கஸ்.

“என் வண்டியிலேயே வுல்வர்ஹாம்ப்டன் வரைக்கும் கொண்டுவிடச் சொல்றேன், அம்மா. அங்கேர்ந்து லண்டன் போற குதிரைக் கோச் பிடிச்சுக்கோ.”

டார்கஸ் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

ஆறு நாள்.

லாக்கப்பில் ஈனாக்குக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. வெளியே நூறு பட்டறைகளில் அரம் உரசும் சத்தம். அவன் கைகள் தானாக அசைந்தன. பிடிக்க வைஸும் இல்லை, அராவ இரும்பும் இல்லை. கோச் குடை சாய்ந்தால்? கிளார்க் விரட்டிவிட்டால்? ரெஜிஸ்டரில் யார் பேருமே இல்லாவிட்டால்? கேட்க ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“சாப்பிடுய்யா,” என்று ஏமஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தள்ளினான். “பாதிரியார் நல்ல மனுஷன். வேற மாஜிஸ்ட்ரேட்டா இருந்தா இந்நேரம் நீ ஸ்டாஃபோர்ட்ல இருப்பே.”

“தெரியும் ஏமஸ். உயிரோட வெளிய வந்தா, சாகறவரைக்கும் சர்ச் பூட்டுக்கெல்லாம் நான்தான் எண்ணெய் போடுவேன்.”

புதன்கிழமை வந்தது. டார்கஸும் வந்தாள்!

கோச்சிலிருந்து இறங்கி நேராகச் சத்திரத்து மாடிக்கு ஓடி வந்தாள். சேறு முழங்கால் வரை. கண்ணில் தூக்கமே இல்லை. ஆனால் சிரித்தாள்!

“இருக்குங்க! ஒரே ஒரு பேரு! ஒருத்தன்தான் வந்து பார்த்திருக்கான்னு கிளார்க்கே சொன்னான்!”

ஈனாக் தன்னை நிறுத்தியிருந்த மரக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “யாரு டார்கஸ்? யாரு?”

“எழுதி அரக்கு வெச்சுக் கொடுத்துட்டான். மாஜிஸ்ட்ரேட்தான் உடைக்கணுமாம். நான் தொடலைங்க!”

சால்வைக்குள்ளிருந்து உறையை எடுத்தாள். இரு கையாலும் ஸ்வேலிடம் கொடுத்தாள்.

அரக்கு உடைந்தது.

ஸ்வேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படித்தார். அவர் முகத்தில் வருத்தம் படர்ந்தது.

“மே மாசம் அஞ்சாம் தேதி, திங்கட்கிழமை. ஏழு லீவர் பூட்டின் பேட்டண்ட் விவரத்தைப் பார்த்துப் படம் நகல் எடுத்தவர்...”

“சொல்லுங்க சாமி!”

“ஈனாக் ஹார்ட்டில். பூட்டுத் தொழிலாளி. வில்லன்ஹால்.”

“இல்லை!”

டார்கஸின் அலறல் தெரு வரை கேட்டது.

“பொய்! நான் லண்டனைப் பார்த்ததே இல்லை சாமி!” ஈனாக் துடித்தான். “எவனோ என் பேரைச் சொல்லியிருக்கான்! கையெழுத்தைப் பாருங்க!”

“இது கிளார்க் எடுத்துக் கொடுத்த நகல், ஈனாக். எல்லாம் கிளார்க்கோட எழுத்துதான்.”

“அப்ப அந்தக் கிளார்க்கைக் கூப்பிடுங்க! என் மூஞ்சியைப் பார்க்கட்டும்!”

“நடந்தது மே மாசம். இப்ப அக்டோபர். தினம் நூறு பேரைப் பார்க்கறவன். நீ இல்லைன்னு சத்தியம் பண்ணுவானா?”

“நான் அன்னிக்கு ஊர்லதான் இருந்தேன்! டாபி! சொல்லுடா! அஞ்சாம் தேதி திங்கட்கிழமை நான் இங்கதானே இருந்தேன்?”

டாபி எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். தலையைச் சொறிந்தான்.

“திங்கட்கிழமையா?”

வில்லன்ஹாலில் திங்கட்கிழமை எவனும் வேலை செய்ய மாட்டான். சனிக்கிழமை இருட்டியதும் ஊர் குடிக்க உட்கார்ந்தால் செவ்வாய் மத்தியானம்தான் எழுந்திருக்கும். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான்!

“திங்கட்கிழமை நான் எங்க இருந்தேன்னே எனக்குத் தெரியாதே ஈனாக்...” டாபிக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை அவன் கிண்டல் பண்ணவில்லை.

“அன்னிக்கு ஈனாக்கைத் தெளிவா இருக்கும்போது பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?” ஸ்வேல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

நாற்பது பூட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள்.

“நான் பார்த்தேன்!” டார்கஸ் மேஜையை அறைந்தாள். “வீட்டுலதான் கிடந்தார்! நான்தான் கூழ் காய்ச்சிக் கொடுத்தேன்! பைபிள் மேல சத்தியம் பண்றேன்!”

“புருஷனுக்குப் பெண்டாட்டி சாட்சி சொல்லச் சட்டத்துல இடமில்லையே, அம்மா.”

டார்கஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானே கொண்டு வந்தேனே... ராவும் பகலும் நெஞ்சோட கட்டிக்கிட்டுக் கொண்டு வந்தேனே... உங்களைக் கொல்லற காகிதத்தை நானே கொண்டு வந்துட்டேனே!”

ஈனாக்கால் அவளைத் தூக்கக்கூட முடியவில்லை. கையில் விலங்கு.

ஸ்வேல் ஸ்டாஃபோர்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“எல்லாரும் அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க. இவனோட நான் ஜெபம் பண்ணணும்.”

ஏமஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்கஸைத் தூக்கிக்கொண்டு போனான். கதவு சாத்தப்பட்டது.

ஸ்வேல் கூண்டுக்கு அருகில் வந்தார். ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். அதற்குள் மடித்த ஒரு தாள். அதில் பென்சிலால் ஒரு சாவி!

ஈனாக் அதன் பற்களைப் பார்த்தான்; அவன் சாவியேதான்!

“நீ... நீங்களா?”

“சத்தம் போடாதே. போட்டாலும் யாரும் நம்ப மாட்டாங்க. என் பழைய கடிதக் கட்டு ஒண்ணு ட்ரெண்டோட பெட்டகத்துல ஏழு வருஷமா இருந்தது. அதை வெச்சுக்கிட்டு என்னை ஆட்டிப் படைச்சான். எடுக்கப் போன இடத்துல அவனே வந்து நின்னுட்டான். என்ன பண்றது?”

“என் பேரை ஏன் எழுதினீங்க?”

“கிளார்க் திடீர்னு பேர் கேட்டான். என் கண்ணுக்கு முன்னாலே அந்தத் தாள்ல பெரிசா உன் பேர்தான் இருந்தது!”

“ஏமஸ்! டார்கஸ்! இவர்தான்! இவர்தான் கொலைகாரர்!” ஈனாக் தொண்டை கிழியக் கத்தினான்.

“ஐயோ பாவம், பாதிரியாரையே சொல்றான்... புத்தி பேதலிச்சுப் போச்சு,” என்றது கதவுக்கு வெளியே டாபியின் குரல்.

ஸ்வேல் தாளைக் கணப்பில் போட்டார். அது சுருண்டு எரிவதைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்கப் போனவர் ஒரு கணம் நின்று திரும்பினார்.

“ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன், ஈனாக். மூணாவது பல்லுகிட்ட உன் பென்சில் வழுக்கியிருக்கு. அதனால நான் செஞ்ச சாவி சேராம, எனக்குப் பதினோரு நாளும் ரெண்டு அரமும் வீண். அடுத்த தடவையாவது பார்த்து இழு!”