இன்னொரு பார்ட்டியின் குழந்தை

மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். ஏறியதுகூடப் பரவாயில்லை. ராகமும் இல்லாமல் சொல்லும் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே ஏறினார்கள்.

கூடத்தில் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டைப் பார்க்க வருகிறேன் என்ற கண்ணாடிக் கடைக்காரர் வரவில்லை, வெளிச்சம்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை. சாமான்களில் பாதிக்கு மேல் லாரியில் போய்விட்டதால், புதுப் பெயிண்ட் வாசனை நிறைந்த அந்தக் கூடத்தில் குழாய் சொட்டுவதும் அவள் நாற்காலி முனகுவதும்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும், காலி வீட்டில் சத்தம் இப்படித்தான் திசை மாறிக் கேட்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் பிள்ளைகளே கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தாள். எல்லா அறையும் காலி. ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன.

கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, பள்ளி திறக்கிற சமயம் என்பதால் மகளையும் அழைத்துக்கொண்டு அவர் முன்னால் போய்விட்டார். வீட்டை விற்றுவிட்டு இவள் பின்னால் போக வேண்டியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் விற்றுவிடலாம் என்று தரகர் அடித்துச் சொல்லியிருந்தார். கோடை போய் மழைக்காலமும் போய்விட்டது.

மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். ஆள் அவ்வளவுதான், காரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். தினமும் சாயங்காலம் போன் திரையில் அவளைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வைக்கும்போதெல்லாம் அழுகை வரும். குழந்தையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு இந்த வீடு விற்க வேண்டும். அவளுடைய வாழ்க்கையே இந்த ஒரு விஷயத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஆனால் வருகிறேன் என்றவர்கள் வந்தால்தானே விற்பதற்கு? வராமல் போவதில்தான் எத்தனை ரகம்! போனை அணைத்துவிட்டு மறைந்துபோகிறவர்கள் ஒரு ரகம். ‘இதோ முனையில்தான் இருக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டே இருட்டும்வரை அந்த முனையிலேயே குடியிருப்பவர்கள் இன்னொரு ரகம். ‘இன்றைக்கா சொன்னோம்?’ என்று ஆச்சரியப்பட்டு இவளையே குற்றவாளி ஆக்குகிறவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்காகவும் தரையைத் துடைத்து, விளக்கெல்லாம் போட்டு, நல்ல புடவை கட்டி உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு முதுகு வலி வந்ததுதான் மிச்சம்.

தரகர்தான் வழி சொல்லிக்கொடுத்தார். வராதவர்களிடம் கோபப்படக் கூடாது, இன்னொரு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னால் அலறியடித்துக்கொண்டு வருவார்கள் என்றார். அவள் தயங்கினாள். தனக்குப் பொய் சொல்ல வராது, குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றாள்.

“சும்மா வேற பார்ட்டின்னா யாரும் நம்ப மாட்டாங்க, சிஸ்டர். ஆள் கண்ணுக்குத் தெரியிற மாதிரி சொல்லணும்” என்றார் தரகர்.

அதனால்தான் முந்தாநாள் கண்ணாடிக் கடைக்காரர், முதல் தடவை வராமல் போய்விட்டுப் போன் செய்தபோது, ஒரு குடும்பம் வந்தது, அவர்களுடைய குழந்தை முனகிக்கொண்டே மாடி ஏறியது, பின்பக்க அறையைப் பார்த்ததும் இறங்கவே மாட்டேன் என்று ஒரே அடம் என்றாள். பொய்க்கு எங்கே போவாள்? கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் இருட்டாக இருக்கும், பயத்தை மறைக்க முனகிக்கொண்டே ஏறுவது மிளகின் வழக்கம். கண்ணாடிக் கடைக்காரர் நம்பிவிட்டார். கட்டாயம் வருகிறேன் என்றார். அந்த ‘கட்டாயம்’தான் இன்றைக்கும் வரவில்லை.

அன்று மாலை போனில் கணவர் சிரித்துக்கொண்டே மகளின் புகழ் பாடினார். முந்தாநாளிலிருந்து ஆளே மாறிவிட்டாளாம், விளக்கில்லாத படியில்கூடச் சத்தம் காட்டாமல் ஏறுகிறாளாம். அவளும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் தலைக்கு மேலே, பின்பக்க அறைக்குள், முனகல் மெதுவாக நடந்து போயிற்று.

மறு வாரம் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வராமல் போனார். அவரிடம் அவள் அந்தக் குழந்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னாள். சுவரை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றியது, அவ்வளவு பிடித்துவிட்டது என்றாள். அதுவும் மிளகின் வேலைதான். இடுப்பு உயரத்தில் அவள் இழுத்து வைத்த அழுக்குக் கோட்டை மறைக்கத்தான் வீட்டுக்கே புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது.

காலையில் எழுந்து பார்த்தபோது வெள்ளைச் சுவரில் அந்தக் கோடு இருந்தது. வாசலில் தொடங்கி, கூடத்தைச் சுற்றி, படியோடு ஏறி, இருட்டில் திரும்பி மறைந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். பென்சில் சீவல் வாசனையும் வியர்வையும் கலந்து அடித்தது, பள்ளிவிட்டு வந்த குழந்தையின் கை போல. சாயங்காலம் மறுபடியும் இருந்தது. இந்தத் தடவை கோடு அவள் படுக்கிற பாய்வரைக்கும் வந்து நின்றிருந்தது.

“இப்பல்லாம் சுவத்துல கையே வைக்கிறதில்ல தெரியுமா? கையைக் கட்டிக்கிட்டுதான் நடக்குறா” என்றார் கணவர் போனில். புதுப் பள்ளியில் டீச்சரே பாராட்டினார்களாம்.

அவள் படித்தவள், நாலு இடம் பார்த்தவள். இதையும் அதையும் முடிச்சுப் போட அவள் மனம் இடம் கொடுக்கவில்லை. அல்லது, முடிச்சுப் போட்டுவிட்டு உடனே அவிழ்த்துவிட்டது. குழந்தைகள் வளர்ந்தால் பழக்கம் மாறத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது, ஒரு நர்ஸும் அவர் தம்பியும். அவர்களும் வரவில்லை. கொஞ்ச வேண்டும் என்றால் மிளகு அவளை ‘அம்மாக்குட்டி’ என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் குழந்தை தன் தாயை அப்படிக் கூப்பிட்டுக் கெஞ்சியது, வாங்கு அம்மாக்குட்டி வாங்கு அம்மாக்குட்டி என்று காலைக் கட்டிக்கொண்டது என்று நர்ஸிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. சொல்லியாகிவிட்டது.

அன்று திரையில் மகள் நேராக உட்கார்ந்து அவளைப் பார்த்தாள். விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து ‘நீ’, ‘வா’, ‘போ’ என்று உரிமையோடு பேசிய பிள்ளை. அம்மாக்குட்டி என்று ஒரு தடவை சொல்லச் சொல்லி அவள் கெஞ்சினாள். மகள் புரியாமல் அப்பாவின் பக்கம் திரும்பினாள். போனை வைத்ததும் வீடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு படியின் இருட்டுத் திருப்பத்திலிருந்து, மிக மெல்ல, ஆசையாக:

“அம்மாக்குட்டி.”

அவள் வாசலைத் திறந்துபோட்டுவிட்டு விடியும்வரை தெருவிளக்கின் கீழே நின்றாள்.

இனி ஒரு பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். வீட்டைப் பூட்டிக் கிளம்பிவிடலாம் என்று கணவரிடமும் சொல்லிப் பார்த்தாள். வீட்டை விற்காமல் அங்கே எதை வைத்துக் குடித்தனம் நடத்துவது என்று அவர் கேட்டார். பகலெல்லாம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே முனகல் திரும்பத் திரும்பப் படி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரம்மா கூப்பிட்டார். பல தடவை வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியவர்தான். நேற்று வழியோடு போனபோது வெளியே நின்று பார்த்தாராம், வீடு பிடித்திருக்கிறதாம். ஆனால் தரகர் இன்னொரு பார்ட்டி இருக்கிறது, அவர்கள் மகளுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அவசரப்படுத்துகிறாரே, அது உண்மையா, விலையை ஏற்றிவிடச் செய்கிற வேலையா என்று தெரிந்தால்தான் மேலே பேசுவாராம்.

“எல்லாரும் சொல்றதுதானே இது. நிஜமாவே ஒரு குழந்தை வந்துச்சா? எப்படி இருப்பா, சொல்லுங்க பார்ப்போம்.”

உள்ளே முனகல் நின்றது. காது கொடுத்துக் கேட்பது போல வீடு அமைதியானது.

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவரும் போய்விடுவார். அங்கே மகள் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ மாதிரி உட்கார்ந்திருப்பாள். போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். பெற்றவள் தொட்டால் பிள்ளை திரும்பி வராதா? இந்த ஒரு தடவை. இந்த ஒரு தடவைதான்.

“வட்ட முகம்” என்றாள். “இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும், மேசை முனையில இடிச்சது. முன்பல்லு நடுவுல இடைவெளி. சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் குழி விழும்.”

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. எத்தனை நாள் ஆயிற்று அந்த முகத்தைக் கையில் ஏந்தி! கண்ணிமையின் நீளத்தைச் சொன்னாள், அழுவதற்கு முன் துடிக்கிற கீழுதட்டைச் சொன்னாள், மூக்கின் மேல் இருக்கிற மச்சத்தைச் சொன்னாள். கண்ணீர் வடிய வடிய, ஒன்று விடாமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் மருந்துக்கடைக்காரம்மா உருகிப்போனார். இவ்வளவு தூரம் கண்ணால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்றார். நாளைக் காலையே முன்பணத்தோடு வருவதாகவும், அந்தக் குடும்பத்துக்கு இல்லை என்று சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டார்.

விற்றுவிட்டது.

அவள் அழுதாள், சிரித்தாள். எழுந்து உள்ளே ஓடி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் திரையில் கூரை தெரிந்தது, பிறகு தரை. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“என்னங்க, வித்தாச்சு. மிளகு எங்க?”

திரையில் கூரை மறுபடியும் வந்து போனது.

“மிளகு எங்கன்னு கேக்குறேன்.”

“இங்கதான்...” கணவரின் குரல் உடைந்திருந்தது. “இங்கதான் நிக்கிறா. இப்பதான் நல்லா விளையாடிக்கிட்டு... நீ பாரு. நீயே பாரு.”

திரை மெல்லத் திரும்பியது.

நீலச் சட்டை. கட்டிய கைகள். அவளே கணவருக்குப் பின்னிவிடக் கற்றுக்கொடுத்த இரட்டைப் பின்னல். இரண்டு காதுகள். இரண்டு காதுகளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பிசைந்த மாவைத் தடவி வைத்தாற்போல், நெற்றியிலிருந்து தாடைவரை, தோல். மூச்சுக்கு மட்டும் அது லேசாக உள்ளே போய் வெளியே வந்தது.

போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

பின்னால் படி. ஒரு படி. இன்னொரு படி. முனகல் இல்லை. இறங்கும்போது மிளகு முனகமாட்டாள்.

திரும்பக் கூடாது. திரும்பக் கூடாது.

சின்னக் கைகள் பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டன. வெதுவெதுப்பாக இருந்தன. அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பெரிய படத்தில், முகமில்லாத பிள்ளை கட்டியிருந்த கையைப் பிரித்து, காற்றில் துழாவித் துழாவி அவளைத் தேடியது. மூலையில் அவளையே காட்டிய சின்னப் படத்தில் அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒரு பக்கம் மட்டும் குழி விழ, மகள் சிரித்தாள்.