இறால் தடவும் கை

குவைத்திலிருந்து வந்த சித்தீக்கின் வேன், ஆறு கடலில் விழுகிற அந்தக் கடைமடை ஊருக்குள் குலுங்கி வந்து நின்றபோது சாயங்கால அசர் தொழுகை முடிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து சபராளி வந்தால் வாசலில் ஒரு கூட்டமே நிற்கும். அன்றைக்கு ஈ காக்கை இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் முற்றத்தில் குடம், தவலை, அண்டா எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. சிமெண்டுத் தரை முழுக்க ஈரம்.

அவன் உம்மா ரசியா பேகம் குந்தி உட்கார்ந்து துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மனைவி ஷமீரா நிறைமாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஆறு வருடம். விடுப்பில் வருவதும் போவதுமாகக் கழிந்த அந்த ஆறு வருடத்தில் தங்கிய ஒரே பிள்ளை இது. அதற்காகவே வேலையை முறித்துக்கொண்டு வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் பாதியிலேயே அடங்கிவிட்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, முழங்கை வரை தடிப்புத் தடிப்பாக இருந்தாள்.

"கொஞ்ச நாளா இப்படித்தான் மச்சான். ரொப்பி வச்சாக் கவுந்து கிடக்குது. தண்ணியும் ஒரு மாதிரி எண்ணெய் வாடை அடிக்குது. குடிச்சாத் தலை சுத்துது."

சித்தீக் சொம்பை மோந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எண்ணெய் வாடை எம்மேலதான் வருது புள்ள. ரிஃபைனரியில ஊறின உடம்பு."

"தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்கக் கூடாது," என்றாள் ரசியா பேகம். "கெணத்துல ஒரு குறையும் இல்ல. இது ஜின்னு வேலை."

ஜின்னாவது மண்ணாவது என்று சித்தீக் தானே கொல்லைக் கிணற்றில் இறைத்தான். கிணற்றை ஒட்டி வாய்க்கால். கரை நாணலெல்லாம் கருகி நின்றது. தவளைச் சத்தம்கூட இல்லை. குடத்தை முற்றத்தில் வைத்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டான். வெயில் தாழ்ந்தது.

வாய்க்கால் பக்கம் ஏதோ கரையேறியது.

ஈரச் சேலை காலில் அடிக்கிற சத்தம். கொல்லைக் கதவு சாத்தியேதான் இருந்தது. சத்தம் மட்டும் உள்ளே வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம், வாயில் எதையோ கவ்விக்கொண்டு மூச்சு விடுவது போல.

குடம் சாய்ந்தது.

விழவில்லை. தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது போல யாரோ அதைப் பதமாகச் சாய்த்தார்கள். தண்ணீர் கடைசிச் சொட்டு வரை ஓடி வடிந்தது. குடத்தின் கழுத்தில் ஐந்து விரல் தடம், கன்னங்கரேலென்று.

சித்தீக் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

"நாகம்மா," என்று உம்மா கிசுகிசுத்தாள். "இறால் தடவுவாளே, அவதான்."

இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டு இறால் தடவி எடுத்துப் பிழைத்தவள். போன மழைக்காலத்தில் எண்ணெய்க் கம்பெனிக் குழாய் வாய்க்காலுக்கு அடியில் வெடித்து எண்ணெய் பரவியது. அவள் தண்ணீரில் இருந்தபோதே நெடி ஏறி மயங்கினாள். பிணமாகத் தூக்கும்போது உடம்பு முழுக்கக் கறுப்பாம். பறி பல்லிலேயே இருந்ததாம். கம்பெனி ஆட்கள் கரையில் மணலைக் கொட்டிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிப் போனார்கள். ஊரும் நம்பியது.

"ஓதித்தான் விரட்டணும் அத்தா," என்றாள் மகனிடம்.

அந்தப் பக்கத்தில் எந்தச் சாதி, எந்த மதத்துக்காரருக்கும் இதுதான் வழக்கம். அந்தியில் மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் முன்னால் போய் நிற்பார்கள். அஜரத்து ஓதி ஊதித் தருவார். சித்தீக்கும் தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, இறுக மூடி, ஓதி வாங்கி வந்தான்.

"வேணாம் மச்சான். குமட்டுது."

"ஓதின தண்ணி. புள்ளைக்காகக் குடி."

அவள் தலையைத் தாங்கிப் பிடித்து அவனே புகட்டினான். முழு பாட்டிலும் இறங்கியது. இந்தத் தடவை எதுவும் கவிழவில்லை. யாரும் வரவில்லை. "போயிட்டா," என்று உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கரண்டு போனது.

இருட்டில் ஷமீராவின் குரல் மெல்ல வந்தது. "மச்சான், யாரோ தடவுறாங்க."

"எங்க?"

"உள்ள."

அவன் அவள் வயிற்றில் கை வைத்தான். தோலுக்கு அடியில் ஐந்து விரல்கள் ஊர்ந்தன. நிதானமாக, அவசரமே இல்லாமல், சேற்றில் தேடுவது போல. அது பிள்ளையின் உதை இல்லை.

தட்டுத்தடுமாறித் தீக்குச்சியைக் கிழித்து லாந்தரை ஏற்றினான். விரலைச் சுட்ட குச்சியைப் பக்கத்திலிருந்த கிணற்றுத் தண்ணீர் வாளியில் போட்டான்.

தண்ணீர் எரிந்தது.

நீலச் சுவாலை வாளி விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாக ஓடி அணைந்தது. இந்த மாதிரித் தீயை ஆறு வருடம் தினம் தினம் பார்த்தவன் அவன். அந்த வாடையிலேயே கிடந்து கிடந்து செத்துப்போன மூக்கை நம்பி, பெண்டாட்டி சொன்னதைத் தள்ளிவிட்டான். நாகம்மாள் இவர்களைக் குடிக்கவிடாமல்தான் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஓதி வாங்கி, மூடி போட்டு, அதை வயிற்றுக்குள்ளேயே கொண்டு சேர்த்தவன் இவன். அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே அவள் கை இருக்கும். "யா அல்லா, நானே குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வேன் நாகப்பட்டினத்துக்குப் பறந்தது. வழியெல்லாம் ஷமீரா அவன் சட்டையைப் பிடித்தபடி, "புள்ளைய எடுத்துடப் போறாங்க, மச்சான், எடுத்துடப் போறாங்க" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே உம்மாவும் அவனும் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து நர்ஸ் வந்தாள். அவள் முகத்தில் ரத்தமில்லை.

"பொம்பளப் புள்ள. உயிர் இருக்கு. உங்க வீட்டம்மாவும் பொழச்சிட்டாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் புள்ளையை இழுக்கவே இல்லைங்க. யாரோ எடுத்துக் குடுத்த மாதிரி தானா என் கைக்கு வந்துச்சு."

கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் கிடந்தாள். மூச்சு விடவே பாடுபட்டாள். சித்தீக் கண்ணாடியில் நெற்றியை வைத்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இதை மட்டும் விட்டுவிடு என்று யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே கெஞ்சினான்.

குழந்தையின் கணுக்காலில் ஐந்து விரல் தடம், கறுப்பாக. நர்ஸ் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தாள். தடம் போய்விட்டது. பஞ்சைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

முழங்காலில் இருந்தது.

அதையும் துடைத்தாள். இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

இப்போது இடுப்பில்.