பிழைஞர் வசுமதியின் கடைசி வாரம்

“நேத்து சாயங்காலத்துல இருந்து எந்த மெசின்கிட்டயாவது யோசனை கேட்டீங்களாக்கா?”

வாசலில் நிற்கும் காவலாளி தினமும் கேட்கிற கேள்விதான். வசுமதி தினமும் சொல்கிற பதிலைச் சொன்னாள். “இல்லீங்க.” பஸ் எப்போது வரும் என்றுகூடக் கேட்கவில்லையா என்று அவர் துருவினார். கேட்கவில்லை, நின்று பார்த்துத்தான் ஏறினேன் என்றாள். கைப்பேசி, கடிகாரம், காதுக்கருவி எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனாள். வலப்புறப் படியில் ஏறுவதுதான் அவள் வழக்கம். இன்று வேண்டுமென்றே இடப்புறப் படியில் ஏறினாள்.

சரவணம்பட்டியில் அந்தக் கட்டடத்தைப் பிழையகம் என்பார்கள். பதிவேட்டில் ‘மனிதத் தரவுச் சேகரிப்பு நிலையம்’ என்று நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் காந்திபுரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அங்கே வேலை செய்கிறவர்கள் பிழைஞர்கள். கவிஞர், அறிஞர் வரிசையில் வைக்கலாமே என்று நல்லெண்ணத்தோடுதான் யாரோ அந்தப் பெயரை வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னால் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

வேலை கேட்பதற்கு எளிது. காலையில் ஒரு டாஸ்க் வரும். இயந்திர உதவி எதுவும் இல்லாமல், வெறும் விசைப்பலகையில், தன் மூளைக்கு எட்டியபடி அதற்கு ஒரு கணினி நிரல் எழுத வேண்டும். எழுதுகிற மனிதர் எங்காவது தவறு செய்வார். அந்தத் தவறுதான் அங்கே சரக்கு.

இப்படி ஒரு பிழைப்பு வரும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் வசுமதியே நம்பியிருக்க மாட்டாள். அவள் கல்லூரியை விட்டு வந்தபோது மனிதர்களே நிரல் எழுதினார்கள், தவறு செய்தால் திட்டு வாங்கினார்கள். பிறகு ‘நிரலி’கள் என்ற இயந்திரங்கள் வந்தன. எழுதுகிற வேலையை, சோதிக்கிற வேலையை, திட்டுகிற வேலையையும்கூட அவையே எடுத்துக்கொண்டன. பத்து வருஷம் தாம் எழுதியதையே தாம் படித்துப் படித்து, மனிதன் எங்கே தடுக்கி விழுவான் என்பதையே அவை மறந்துபோயின. ஓர் ஊரில் மாத்திரை தரும் இயந்திரம், வலது கையில் ஊசி ஏற்றியிருந்த நோயாளிகளிடமெல்லாம் வலது கைரேகை கேட்டு அடம்பிடித்தது. நிரலில் ஒரு குற்றமும் இல்லை. மாத்திரைதான் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான், நிரலிகளுக்குக் கற்றுக்கொடுக்க, மனிதத் தவறுக்கு மார்க்கெட் வந்தது.

ஆனால் எல்லாத் தவறும் விலைபோகாது. பிழையகத்தின் கீழ்த்தளத்தில் ‘முன்னறிவான்’ என்றொரு இயந்திரம் உண்டு. பிழைஞர் எழுதத் தொடங்கும் முன்பே, இன்று இவர் எங்கே சறுக்குவார் என்று அது ஊகித்துப் பூட்டி வைத்துவிடும். ஊகத்தில் இல்லாத தவறைச் செய்தால் மேசையில் இருக்கும் சின்ன விளக்கு பச்சையாக எரியும். ஊகித்த தவறையே செய்தால் மஞ்சள். வேண்டுமென்றே செய்தால் சிவப்பு. அதை அது எப்படியோ கண்டுபிடித்துவிடும். மாதத்துக்கு ஒரு பச்சையாவது வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து பச்சையே இல்லையென்றால் ‘நிறைவு’. ஆள் முழுக்கப் பதிவாகிவிட்டார், இனி அவருக்குப் பதிலாக அவருடைய இயந்திர நகலான படிமமே பிழை செய்துகொள்ளும், அவர் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

வசுமதிக்கு இது மூன்றாவது மாதம். இன்று செவ்வாய். வெள்ளியோடு கணக்கு முடிகிறது.

ஒரு காலத்தில் அவள் அந்தத் தளத்தின் ராணி. திருமண மண்டபங்களை வாடகைக்குப் பதிவு செய்யும் நிரல் ஒன்றை எழுதச் சொன்னபோது, ஆடி மாதத்தையே நாட்காட்டியிலிருந்து விட்டுவிட்டாள். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்று கை தானாகவே தாண்டிப் போயிருந்தது. ஆடித் தள்ளுபடிக் கண்காட்சிக்கு மண்டபம் கேட்பவர்களை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது. பக்கத்து இருக்கை ரஜியா தளம் முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

“இன்னைக்கு என்ன கலர் வசு?” செவ்வாய் மாலை ரஜியா மெதுவாகக் கேட்டாள்.

“மஞ்ச.”

“எனக்கும்தான். வுடு. ஆனைக்கும் அடி சறுக்கும்னு செவுத்துல எழுதி வெச்சிருக்காங்க. நமக்குச் சறுக்கவே மாட்டேங்குது.”

வசுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வேலை போவதைப் பற்றி மட்டுமில்லை. தனக்குள் இனிப் புதிதாக ஒன்றுமில்லை, சட்டியை அடிவரை வழித்தாகிவிட்டது என்று ஓர் இயந்திரம் சான்றிதழ் எழுதிக் கொடுக்கப் போகிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதனால் ஒரு மாதமாக அவள் தன்னையே மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பியை விட்டுச் சுக்குத் தண்ணீர் குடித்தாள். இடது கையால் பல் துலக்கினாள். வழக்கமான பஸ்ஸை விட்டு, கணபதி வழியாகச் சுற்றி வரும் பஸ்ஸில் வந்தாள். வேறு மனுஷியாகிவிட்டால் வேறு தவறு வரும் அல்லவா?

புதன்கிழமை மாலை அதே பஸ்ஸில் சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வந்தபோது கணவர் திருமூர்த்தி வாசலிலேயே நின்றிருந்தார். அவரும் பிழைஞராக இருந்தவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் நிறைவாகிவிட்டார். அவருடைய படிமம் இன்றும் பிழையகத்தின் மூன்றாம் மாடியில் வேலை பார்க்கிறது. “மேல இருக்கறவன் நல்லா இருக்கானா?” என்று எப்போதாவது, சொந்தக்காரனை விசாரிப்பதுபோல, கேட்பார். வசுமதி சிரித்து மழுப்பிவிடுவாள்.

“போதும் அம்மணி,” என்றார் அவர். “ஒரு மாசமா நீ நீயாவே இல்ல. போனாப் போகுது, விட்டுரு. நான் இல்லையா?”

“நீங்க இருக்கீங்க. அதுக்கு?”

“அதுக்கில்ல. நிறைவானா உசுரா போயிருது?”

“உங்கள மாதிரி முடிஞ்சு போன ஆளா நானும் இந்த வீட்டுக்குள்ள உக்காரணுமாங்க?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவரை ஒருமுறைகூட அப்படிப் பேசியதில்லை. திருமூர்த்தி உள்ளே போய்விட்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு மூலையில் சின்னதாக நம்பிக்கை முளைத்ததுதான். இப்படிப் பேசக்கூடியவள் பழைய வசுமதி இல்லையே என்று மனசு கணக்குப் போட்டது. அந்த மனசை அவள் வெறுத்தாள். வெறுத்தபடியே அடுத்த நாள் வேலைக்குப் போனாள். வியாழனும் மஞ்சள்தான்.

வெள்ளிக்கிழமை டாஸ்க் ஒரு முதியோர் இல்லத்துக்கு. உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தரும் நிரல். வசுமதி உயிரைக் கொடுத்து எழுதினாள். மகன் வரலாம், மகள் வரலாம், பழைய சிநேகிதர் வரலாம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் காத்திருக்க நாற்காலி, எல்லாம் யோசித்திருந்தாள். நாலு மணிக்கு முடித்துவிட்டு விளக்கைப் பார்த்தாள்.

மஞ்சள்.

திரையில் முன்னறிவானின் பூட்டிய ஊகம் திறந்தது. ‘வருகிறவரைப் பார்க்க விருப்பமில்லை என்று முதியவர் மறுப்பதற்கு வழி வைக்க மாட்டார்.’ அவள் தன் நிரலை மேலிருந்து கீழே படித்தாள். ஆமாம், வைக்கவில்லை. வாசல் வரை வந்தவரை வேண்டாம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ரஜியா தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்குத் தளப் பொறுப்பாளர் நிகிலன் கூப்பிட்டான். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். அக்கா என்றுதான் அழைப்பான். மேசையில் ஒரு நீளமான காகிதத்தை வைத்தான். கீழ்ப்பாதி மடித்து ஒட்டியிருந்தது.

“இதப் பாக்கறது உங்க உரிமைங்கக்கா. முன்னறிவான் மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சது. இன்னைக்கு வரைக்கும் இருக்கற வரிதான் மேல இருக்குது. நடந்ததுக்கு நேரா ஒரு டிக் போடுங்க, அவ்வளவுதான்.”

அவள் படித்தாள். ‘காப்பியை நிறுத்துவார்.’ ‘இடது கையைப் பழக்குவார்.’ ‘பஸ்ஸை மாற்றுவார், கணபதி வழி.’ ‘இடப்புறப் படியில் ஏறுவார்.’ ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். ‘கணவரிடம் சண்டை, முடிஞ்சு போன ஆள் என்பார்.’

“வீட்டுக்குள்ள மைக்கு வெச்சிருக்கீங்களா தம்பி?”

“சத்தியமா இல்லீங்கக்கா. வீட்டுக்குள்ள நாங்க எட்டிக்கூடப் பாக்கறதில்ல. அது வெறும் ஊகம். நடந்துச்சா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.”

அவள் அந்த வரிக்கு நேரே ஒன்றும் போடவில்லை. நிகிலன் பார்த்தான், கேட்கவில்லை. பேனாவை வாங்கி மூடி வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவனுக்கு மேலேயும் ஒரு விளக்கு எரியாமலா இருக்கும்?

“ஒட்டியிருக்கறது அடுத்த முப்பது நாளுக்கு. பிரிக்கறதும் பிரிக்காததும் உங்க இஷ்டம்,” என்றான்.

வசுமதி வழக்கமான பஸ்ஸிலேயே ஏறினாள். காகிதம் பைக்குள் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை இரவிலிருந்தே சொல்லாமல் வைத்திருக்கிற பேச்சு அது. உடனேயே இன்னொரு நினைப்பு வந்து குறுக்கே உட்கார்ந்தது. அதுவும் இந்தக் காகிதத்தில் எழுதியிருந்தால்? ‘வெள்ளிக்கிழமை மாலை மன்னிப்புக் கேட்பார்.’ அப்படியானால் கேட்காமல் இருந்தால் ஜெயித்துவிடலாம். ஒருவேளை ‘கேட்க நினைத்துக் கேட்காமல் விடுவார்’ என்று எழுதியிருந்தால்? காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று இரண்டு முறை பையைத் திறந்தாள். இரண்டு முறையும் மூடினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள்.

திருமூர்த்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“ஆயிருச்சா?”

“ஆயிருச்சுங்க.”

அவள் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“பிரிக்கலையா நீ? நான் என்னோடத அன்னைக்கே பிரிச்சுட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே.”

“என்னன்னு சொல்றது. எட்டாவது வரி, ‘மனைவி வேலைக்குக் கிளம்பும்போது சோறு கட்டிக் கொடுப்பார்’னு இருந்துச்சு. அப்ப வந்துச்சு பாரு ஒரு கோவம். உனக்குச் சோறு கட்டறதில்லன்னு மூணு நாள் படுத்துக் கெடந்தேன். நீ கேன்டீன்ல பன்னத் தின்னுபோட்டு வயித்து வலியோட வந்த. நாலாம் நாள் எந்திரிச்சுக் கட்டிட்டேன்.”

“அப்ப அதுதான் ஜெயிச்சுதுங்களா?”

“தெரியல அம்மணி. அன்னைக்கு நீ டப்பாவ காலி பண்ணிக் கொண்டுவந்த. எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான்.”

வசுமதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேங்க. ஆனா அதையும் இதுக்குள்ள எழுதி வெச்சிருக்குமோன்னு பயமா இருக்குது. எழுதியிருந்தா, அப்பறம் நான் சொல்றது என்னோடதா, அதோடதா?”

திருமூர்த்தி அந்தக் காகிதத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“எழுதியிருந்தா இருக்கட்டும். எங்கிட்ட இன்னும் ஆரும் சொல்லலையே.”

அவள் வாயைத் திறந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க,” என்று ஆரம்பித்தாள். காகிதத்தைப் பற்றிய பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடேயே சொல்லி முடித்தாள்.