பின்சீட்டுக்கு ஆள் வருது

குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற எல்லா வண்டிகள் மேலும் சாம்பல் படிந்திருந்தது. செங்குட்டுவனின் வண்டியில் மட்டும் பின்சீட்டு சுத்தமாக இருந்தது. நெய்வேலியில் இது நடக்காத காரியம். ராத்திரி முழுக்க அனல்மின் நிலையப் புகைபோக்கி கக்குவதெல்லாம் விடிவதற்குள் கொடித்துணி, முருங்கை இலை, மூடாமல் விட்ட தண்ணீர்க்குடம் என்று ஓரவஞ்சனை இல்லாமல் இறங்கிவிடும். பெட்ரோல் டேங்க், ஹேண்டில்பார், முன்சீட்டு எல்லாம் வெளுத்துக் கிடக்க, பின்சீட்டு மட்டும் கறுப்பாக மினுங்கியது. தொட்டுப் பார்த்தான். மார்கழிக் குளிரிலும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

"பூனை படுத்திருக்கும், சனியன்" என்று துடைக்கிற துணியை உதறினான்.

அந்த வண்டிமேல் அவனுக்கு அப்படியொரு கிறுக்கு. அந்தக் காலத்து வண்டி மாதிரி வட்ட ஹெட்லைட், அகலமான ஹேண்டில், பளபளவென்று குரோம், பின்னால் உட்காருகிறவருக்கு முதுகுச் சாய்மானம். காலை முன்னால் நீட்டி, ஈசி சேரில் கிடக்கிற மிராசுதார் கணக்காகப் போகலாம். நிஜமான பெரிய வண்டி வாங்க வக்கில்லாதவனுக்குப் பெரிய வண்டியின் பவுசு. நடுத்தரக் குடும்பத்துக்குத் தோதான விலை என்று ஷோரூமில் சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். அதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

நிலக்கரி மைன்ஸில் அவன் பர்மனென்ட். பெரிய இவன். ஷிப்ட் விட்டதும் கேட்டிலிருந்து யாரும் பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். பஸ்ஸை விட்டவன் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக் காட்டினால் போதும், நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். அங்கே அது எழுதாத சட்டம். கரி அப்பிய பேன்ட்டோடு ஒரு கான்ட்ராக்ட் பயல் தன் சீட்டில் குந்துவதா? செங்குட்டுவன் அதற்கென்று ஒரு பொய் வைத்திருந்தான். "பின்சீட்டுக்கு ஆள் வருதுப்பா." எந்த ஆளும் வந்ததில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

போன மாதம் முத்தாண்டிக்குப்பத்துத் தனகோட்டி தூக்கைக் காட்டினான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாருகிற கான்ட்ராக்ட் ஆள். கண்ணெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஒடம்பு நெருப்பா கொதிக்குதுண்ணே. ஆஸ்பத்திரி வரைக்கும் இட்டுகினு போங்கண்ணே."

"ஆள் வருதுப்பா."

தனகோட்டி காலிச் சீட்டைப் பார்த்தான். கோபப்படவில்லை. "அப்ப அடுத்த தபா எனக்கு எடம் போட்டு வைங்கண்ணே" என்றான்.

"போட்டு வைக்கிறேன், போட்டு வைக்கிறேன்." செங்குட்டுவன் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

தனகோட்டி நடந்தே போயிருக்கிறான். ஆஸ்பத்திரி ரோட்டு மதகு வரைக்கும்தான் முடிந்தது. யாரோ பார்த்தபோது உடம்பு சில்லிட்டுவிட்டது. "குடிச்சிட்டு வுழுந்திருப்பான்" என்றான் செங்குட்டுவன், டீயை ஊதிக்கொண்டே. சாவுக்கும் போகவில்லை. மனுஷனா அவன்!

அன்றைக்குப் பூனைமேல் பழி போட்டவன், மறுநாளும் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். அதே சூடு. ஸ்டாண்டை எடுத்ததும் வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. மேட்டில் ஏறும்போது ரெண்டு ஆளை இழுக்கிற மாதிரி இன்ஜின் முக்கியது. பிடரியில் ஈரக்கரி நாற்றமும் காய்ச்சல் வேர்வை நாற்றமும் கலந்து அனலாக அடித்தது. பயந்துபோய் ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் தானாகவே வண்டியை நிறுத்தி, பஸ்ஸை விட்ட ஒருவரைக் கூப்பிட்டான்.

"ஏறுய்யா."

அந்த ஆள் சீட்டைப் பார்த்தார். "பரவால்லைங்க. அதான் ஆள் இருக்குதே."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஆளும். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் மகள் அபிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. நாலாவது படிக்கிற ஒரே பிள்ளை. பனிக்காலத்தில் அடிக்கடி வீசிங் வரும். இப்படி உதடு நீலம் பாரித்ததில்லை. மூச்சுக்கு இழுக்கிற மருந்து பம்ப்பை அடித்தும் கேட்கவில்லை. அவன் மனைவி புஷ்பவல்லி அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். பால் ஊற்றிக்கொண்டிருந்த ராயப்பன் கேனை அப்படியே இறக்கினார்.

"என் மொபெட்ல கூட்டினு போறேங்க. அக்கா புள்ளைய மடியில வச்சிகினு குந்தட்டும்."

"ராயப்பன் வண்டில போய்டலாம்ங்க" என்று புஷ்பவல்லி கெஞ்சினாள். "உங்க வண்டி வேணாங்க. பார்த்தாலே எனக்கு என்னமோ பண்ணுது."

செங்குட்டுவன் மொபெட்டைப் பார்த்தான். பால் கறை, துருப்பிடித்த கேரியர். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிற நேரத்திலும் அந்த முகத்தில் ஒரு சுளிப்பு. "என் பொண்ணு பால் கேன் வண்டில போவணுமா? ஆளப் பாரு! நீ பின்னாடியே அதுல வா." கையில் பம்ப்போடு இருந்த அபியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான்.

"அப்பா... எடம்... இல்லப்பா."

"என்னை ஒட்டி உக்காரு கண்ணு. ஒரே நிமிஷம்."

பனி ரோட்டை மூடியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. தெருவில் நனைந்த கோலப்பொடியும் புகையும் மணத்தன. காதுக்குப் பக்கத்தில் பிள்ளையின் மூச்சு கீச் கீச்சென்று இழுத்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரை உயிர் இருக்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

"அபி, கெட்டியாப் புடிச்சிகினியா?"

இடுப்பைச் சுற்றிய கைகள் இறுகின.

மதகு வந்தது. கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் கடந்தான்.

கீச்சுச் சத்தம் நின்றது.

"அபி?"

பின்னாலிருந்து மூச்சு மட்டும் வந்தது. சீராக. நீளமாக. சூடாக. அப்பாடா, சரியாயிட்டா போலிருக்கு. அந்த நினைப்போடு கண்ணாடியைப் பார்த்தான்.

மதகு ஓரம். பனிக்குள் ஒரு சின்ன உருவம். சிவப்பு ஸ்வெட்டர். வெறுங்கால். நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் பம்ப்பைத் தூக்கிக் காட்டி நின்றுகொண்டிருந்தாள் அபி. தூக்கைக் காட்டுவார்களே, அப்படி.

பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. திரும்பிப் பார்க்க முயன்றான். முடியவில்லை. இடுப்பிலிருந்த கைகள் அவனைப் பின்னுக்கு இழுத்துச் சாய்த்தன, சாவகாசமாக, ஈசி சேரில் சாய்க்கிற மாதிரி. குனிந்து பார்த்தான். பெரிய கைகள். நகக்கண்ணெல்லாம் கரி.

"எடம் போட்டு வச்சதுக்கு ரொம்ப சந்தோசம்ண்ணே."

கண்ணாடியில் தூக்கிய அந்தக் கை சின்னதாகிக்கொண்டே போனது. இன்னும் இறக்கவில்லை.